கனி பாக்கறதுக்கு முந்தி

முழிப்பு வந்திருச்சு, ஆனா கண்ணத் தெறக்கக்கூடாது. இன்னைக்குச் சித்திரை ஒண்ணு. சுலோச்சனா வந்து என்ர கையப் புடிச்சு எழுப்பி, இன்னொரு கையில கண்ணப் பொத்தி, நடை வழியாக் கூட்டிட்டுப் போயிச் சாமி ரூமுல கனித்தட்டுக்கு முன்னால நிறுத்தற வரைக்கும் கண்ணையும் தெறக்கக்கூடாது, வாயையும் தெறக்கக்கூடாது. அது அவங்கம்மா ஊட்டுச் சட்டம். அவளக் கட்டுனதுல இருந்து எனக்கும் அதுதான் சட்டம். தட்டுல மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழம், வெத்தல பாக்கு, கொன்னப்பூ, அவளோட ரெட்டவடச் சங்கிலி, நடுவுல முகம் பாக்கற கண்ணாடி. அதையத்தான் வருசத்துல மொதல்ல கண்ணு பாக்கோணும். பாக்கறப்ப மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சுக்கோணும், இந்த வருசம் இன்னதச் செய்வேன், இன்னத உடுவேன்னு. நெனச்சத வெளிய சொல்லக்கூடாது, ஆனாச் செய்யாம இருக்கவும் கூடாது. பீடிய உட்டது அப்பிடித்தான். லாரி ஓட்டிட்டிருந்த காலத்துல கட்டுக்கட்டா இழுத்துட்டிருந்தவன், ஒரு சித்திரையில கண்ணாடில என்ர மூஞ்சியப் பாத்து இனிமே இல்லடா ஆறுச்சாமின்னு நெனச்சேன், உட்டுட்டேன். லாரிய உட்டுட்டு உள்ளூர்லயே ஸ்கூல் வேன் ஓட்டலாம்னு நெனச்சதும் கனிக்கு முன்னால நின்னுதான். கோவத்தக் கொறைக்கோணும்னு ரெண்டு மூணு வருசம் நெனச்சுப் பாத்தேன், அது மட்டும் நம்ம பேச்சக் கேக்கல. மத்தபடி நெனச்சதச் செஞ்சவன்தான். அதுதான் இப்பப் பயமா இருக்குது. இந்த வருசம் என்ன நெனைக்கோணும்னு எனக்கு நல்லாவே தெரியும். மார்கழில இருந்தே தெரியும். அதைய நெனைக்காம இருக்கறதுக்குத்தான் கோழி கூப்புடறதுக்கு முன்னாலயே முழிச்சுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிட்டுப் படுத்திருக்கேன். வண்டி ஓட்டறத நிறுத்தோணும். ஆச்சு, நெனச்சுட்டேன். இல்ல இல்ல, இது கணக்குல வராது. கனிக்கு முன்னால நின்னு நெனச்சாத்தான் கணக்கு.

காலு. வயித்து மேல ஒரு காலு கெடக்குது. தன்விகாவோடது. மக கோகிலாவோட பிள்ள, யூகேஜி படிக்கிறா. கனி பாக்கோணும்னு நேத்து சாயங்காலமே இங்க வந்து படுத்துக்கிட்டா. படுக்கறப்பத் தலைமாட்டுல தலை வெச்சுப் படுத்தது, இப்பக் காலு என்ர வயித்துல, தலை எந்தத் தெசையில இருக்குதோ தெரியல. அவ காலப் புடிச்சுப் பாத்தேன். இத்தனூண்டு பாதம், உள்ளங்கைக்குள்ள அடங்குது. பாதத்துல பவுடர் வாசம் வேற. பாதத்துக்கு எதுக்குப் பவுடருன்னு கேட்டா, ஸ்கூலுக்குப் போறப்ப ஷூ போடறமே அப்பிச்சிம்பா. எல்லாத்துக்கும் பதில் வெச்சிருப்பா. நான் தொட்டதும் காலு அசைஞ்சுது. "அப்பிச்சி, முழிச்சுட்டீங்களா?" காதுக்குள்ள கேக்கற மாதிரி கேக்கறா, ஆனா எதுத்த ஊட்டுக்கே கேக்கும். பேசக்கூடாது. காலத் தட்டிக் குடுத்தேன். "நானும் கண்ண மூடிட்டுத்தான் இருக்கேன். வேணும்னாப் பாருங்க." நான் எங்கடி பாக்கறது. சிரிப்பு வந்து வயிறு குலுங்குச்சு, வயித்து மேல காலு குலுங்குச்சு, அவளும் சிரிச்சா. "அம்மிச்சி யார மொதல்ல கூட்டிட்டுப் போவாங்க? உங்களையா என்னையா?" காலக் கிள்ளுனேன், சும்மா படுன்னு அர்த்தம். புரிஞ்சுக்கிட்டா. சித்த நேரத்துல மூச்சு சீராயிருச்சு, மறுபடியும் தூங்கிட்டா. கொழந்தைக எப்பிடித்தான் தூங்கறாங்களோ. நம்பித் தூங்கறாங்க. வேன்லயும் அப்பிடித்தான், சாயங்காலம் ஏத்துனதும் பாதிப் பேரு தலை தொங்கிரும், பேக்கு மேலயும் பக்கத்துப் பிள்ள தோள் மேலயும் சாஞ்சு வாயப் பொளந்துட்டு. ஓட்டறவன் யாரு, எப்பிடி ஓட்டறான்னு அதுகளுக்கு என்ன தெரியும். டிரைவர் தாத்தா இருக்காரு. அவ்வளவுதான். இன்னைக்கும் ஏழு மணிக்கு கோகிலாவும் மாப்பிள்ளையும் வந்துருவாங்க. பக்கத்து ஊட்டுக்காரங்களும் வர்றாங்க. எல்லாரையும் ஏத்திட்டு மலைக்கோயிலுக்குப் போறதாப் பேச்சு. போன வாரமே சுலோச்சனா எல்லாருகிட்டயும் சொல்லீட்டா, நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்குங்க பஸ்ஸுன்னு. மலை ரோடு. வளைவு வளைவா ஏறும். எடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. இன்னைக்குன்னு பாத்துக் கூட்டமும் அள்ளும், நடந்து ஏறறவங்க ரோட்டோரமாவே வருவாங்க. ஓரமா. ஓரந்தான் எனக்கு இல்ல.

எப்ப இருந்து இல்லைன்னு கேட்டா எனக்கே தெரியாது. டம்ளரத் தட்டி உடறேன், வாசப்படில இடிச்சுக்கறேன்னு சுலோச்சனாதான் சொல்லிட்டிருந்தா, "ஏனுங்க, ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்களேன், எல்லாத்துலயும் போயி முட்டறீங்க"ன்னு. வயசாச்சு, வெள்ளெழுத்தா இருக்கும்னு மார்கழி லீவுல ஒரு நாளு தனியாப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மா கோகிலா வயசுதான் இருக்கும். கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாங்க, மறுபடியும் பாத்தாங்க, அப்பறம் ஒரு ரூமுக்குள்ள உட்டு ஒரு மிசினுல தலைய வெக்கச் சொன்னாங்க. வெள்ளைக் குண்டாவுக்குள்ள மூஞ்சிய வெச்ச மாதிரி இருந்துச்சு. கையில ஒரு பட்டனு. நடுவுல இருக்கற மஞ்ச லைட்டயே பாருங்க, சுத்தி எங்க வெளிச்சம் மின்னுனாலும் அமுத்துங்கன்னு சொல்லீட்டு ஒரு பிள்ள பக்கத்துல உக்காந்துக்கிச்சு. நானும் பாத்துட்டே இருக்கேன். ஒண்ணு மின்னுச்சு, அமுத்துனேன். அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "அம்மிணி, மிசினு நின்னு போச்சாட்ட இருக்குது"ன்னேன். அந்தப் பிள்ள ஒரு மாதிரிக் கொரல்ல சொல்லுச்சு, "ஓடிட்டுத்தாங்கய்யா இருக்குது, நீங்க பாருங்க"ன்னு. அந்தக் கொரல இன்னும் மறக்க முடியல. அதுல பாவம் பாக்கற தொனி இருந்துச்சு. அப்பறம் டாக்டரம்மா ஒரு படத்தக் காட்டுனாங்க, ரெண்டு வட்டம், நடுவுல மட்டும் வெள்ளை, சுத்தியும் தார ஊத்துன மாதிரி. "கண்ணுல பிரஷரு ஏறி நரம்பு வீணாயிருச்சுங்கய்யா. போனது போனதுதான், திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தத்தான் மருந்து, தெனமும் ராத்திரி ஒரு சொட்டு உடாம ஊத்தோணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" நான் யோசிக்கவே இல்ல. "தோட்டங்காடு பாக்கறனுங்க"ன்னுட்டேன். ஒரு சென்ட்டு காடு கெடையாது எனக்கு. வாயி அதுவாச் சொல்லுச்சு. அந்தம்மா தலைய ஆட்டிட்டு, "அப்பச் சரி, ஆனா வண்டி கிண்டி ஓட்டாதீங்க, ரோட்டத் தாண்டறப்பவும் பாத்து"ன்னாங்க. சரிங்கன்னு சொல்லீட்டு வெளிய வந்து, வேனுல ஏறி ஸ்டார்ட் பண்ணி ஊடு வந்து சேந்தேன். ஏறி ஸ்டார்ட் பண்ணுனனே, அந்த நிமிசம் கூட ஒண்ணும் தோணல. வேற எப்பிடி ஊட்டுக்கு வர்றது.

மருந்து வேனு டேஷ்போர்டுக்குள்ள இருக்குது. பழைய துணிக்கடியில. ராத்திரி வண்டியப் பூட்டப் போற சாக்குல ஒரு சொட்டு ஊத்திட்டு, கண்ண மூடி சீட்டுல சாஞ்சு உக்காந்திருப்பேன். பகல் பூரா வெயில்ல நிக்கற வண்டி, அந்தச் சூட்டுல மருந்து கெட்டுப் போயிருக்குமோன்னு வேற நெனப்பு. ஊட்டுக்குள்ள கொண்டாந்து பிரிட்ஜுல வெக்கலாம். வெச்சா இது என்னங்கன்னு கேப்பா. என்னன்னு சொன்னா அப்பறம் எல்லாமே கேப்பா. அவ ஒண்ணக் கேட்டா ஒம்பது கேக்கற ஆளு. இப்பக் கண்ண மூடிட்டுப் படுத்திருக்கறப்ப ஒரு வேடிக்கை, உள்ளுக்குள்ள செவப்பும் பச்சையுமா என்னமோ ஊர்ந்துட்டுப் போகுது. அதுக்கு ஓரம் இருக்குதான்னு பாக்கறேன். தெரிய மாட்டீங்குது. மூடின கண்ணுல நடுவு எது ஓரம் எதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது. கண்ண மூடிட்டா நானும் மத்தவங்களும் ஒண்ணுதான். தெறந்தாத்தான் வித்தியாசம். தெறந்தாக் கூடக் கருப்பாத் தெரியாது, அதுதான் ஏமாத்து. கருப்பாத் தெரிஞ்சா எப்பவோ புடிபட்டிருக்கும். ரோடு ரோடாத்தான் தெரியுது, கடை கடையாத்தான் தெரியுது, எல்லாம் முழுசா இருக்கற மாதிரிதான் இருக்குது, ஆனா அதுல ஆளு இல்ல. இல்லாத எடத்துல இருந்து திடீர்னு ஒரு ஆளு மொளைப்பான். பங்குனில அப்பிடித்தான் ஒருத்தன் மொளைச்சான். பேக்கரி முக்குத் திரும்பறேன், மணி அடிக்கப்போகுது, பின்னால கொழந்தைக கத்திட்டிருக்குதுக. எடது பக்கம் ஒண்ணுமே இல்ல, சாமி சத்தியமா ஒண்ணுமே இல்ல. சட்டுனு டப்புனு ஒரு சத்தம், பம்பருக்குக் கீழ பால்கேனு உருளுது. மொபட்டுல வந்த பால்காரரு கீழ கெடக்கறாரு. அவரு எந்திரிச்சுச் சட்டையத் தட்டிட்டு, சன்னலுகிட்ட வந்து, "ஏய்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"ன்னாரு. பிள்ளைக எல்லாம் சிரிச்சுது. பொடனியிலயா இருக்குது பொடனியிலயா இருக்குதுன்னு ஸ்கூல் வரைக்கும் பாட்டாட்டம் பாடிட்டு வந்துதுக. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது. ரோடு பூராப் பாலு. கீழ கெடந்தது ஒரு கொழந்தையா இருந்திருந்தா. இதைய அப்பத் தொடங்கி நெனச்சு நெனச்சு நிறுத்தீர்றேன், இதுக்கு மேல நெனைக்க வர மாட்டீங்குது, அந்த எடத்துக்கு வந்தா மனசு திரும்பிப் போயிருது.

அன்னைக்குத் தன்விகா வரல, காய்ச்சல்ல படுத்திருந்தா. அவ வந்திருந்தாச் சொல்லியிருப்பா. இங்கதான் வந்து நிக்கோணுமா. எத்தனை சுத்திச் சுத்திப் போனாலும் நெனப்பு இங்கதான் வந்து நிக்குது. சரி, நில்லு. தை மாசத்துல ஒரு நாளு தன்விகாவப் பின்சீட்டுல இருந்து எந்திரிக்கச் சொல்லி முன்னால, எடது பக்கத்து சன்னலோரமா உக்கார வெச்சேன். நாம ஒரு வெளாட்டு வெளாடலாமா சாமின்னு கேட்டேன். அவளுக்கா வெளாட்டுன்னா வேண்டாம்னு இருக்கும். நீதான் கண்டக்டரு, அந்தப் பக்கம் சைக்கிளு, வண்டி, நாயி, ஆளு எது வந்தாலும் வருதுன்னு சத்தமாச் சொல்லோணும், யாரும் இல்லைன்னா ரைட்டுன்னு சொல்லோணும், சரியாச் சொன்னா வெள்ளிக்கெழம முட்டாயி. அன்னைல இருந்து அவ சொல்லிட்டு வர்றா. "வருது அப்பிச்சி. ஸ்கூட்டி வருது. நாயி வருது, வெள்ளை நாயி. ரைட்." அவ சொல்றத வெச்சு நான் ஓட்டறேன். மத்த கொழந்தைக எனக்கும் எனக்கும்னு சண்டை போடுதுக, நான் உடறதில்ல, அவதான் பராக்குப் பாக்காம ஒழுங்காச் சொல்லுவா. முப்பது வருசத்துக்கு மேல ஸ்டேரிங் புடிச்ச கையி. தார்ப்பாய் கட்டுன லோடு லாரிய மழையில மலைப்பாதை எறக்குன ஆளு நானு. ஒருத்தன் கையக் காட்டி உன்னால வண்டியில ஒரு கீறல்னு சொன்னதில்ல. அந்த ஆளு இப்ப அஞ்சு வயசுப் பிள்ள ரைட்டுன்னு சொன்னாத் திருப்பறேன். அவ கண்ணுதான் என்ர கண்ணு. இதைய என்னன்னு சொல்றது. களவாணித்தனம்னு சொல்லலாமா. அதுக்கும் மேல. போன வாரம் ஒரு நாளு அவ "ரைட்"டுன்னா, நான் திருப்புனேன், திருப்புன பொறகு சொன்னா, "இல்ல அப்பிச்சி, பட்டாம்பூச்சியப் பாத்துட்டேன், மறந்துட்டேன்." ரோட்டுல யாரும் இல்ல, ஒண்ணும் ஆகல. அன்னைக்கு சாயங்காலம் முட்டாயி வேண்டாம்னுட்டா, தப்பாச் சொல்லீட்டனே அப்பிச்சின்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டா. ஏதாவது ஆகியிருந்தா அந்தப் பிள்ள ஆயுசு பூரா அதைய நெனச்சிருக்கும். நான் ஒழுங்காச் சொல்லாததாலதான் இப்பிடி ஆச்சுன்னு நெனச்சிருக்கும். ஆனாலும் மறுநா அவளத்தான் முன்னால உக்கார வெச்சேன். அன்னைக்கு வெச்சேன், நேத்தும் வெச்சேன்.

சாமி ரூமுல இருந்து தீப்பெட்டி உரசற சத்தம். ஒண்ணு பத்தல. இன்னொண்ணு. வெளக்கப் பொருத்தறா. கனி வெக்கறவங்கதான் மொதல்ல பாத்துக்குவாங்க. அவ என்ன நெனச்சுக்குவாளோ. அவ இதுவரைக்கும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. எனக்காகத்தான் நெனைப்பாளா இருக்கும், அவர நல்லா வெய்யின்னு. இந்த வருசம் வண்டிய நிறுத்தோணும். சரி, இப்பிடி வெச்சுக்கலாம், பரீட்சை முடியட்டும். பரீட்சை நடக்கறப்ப வண்டி இல்லைன்னா பிள்ளைக எப்பிடிப் போகும், அவங்கப்பன் அம்மாவெல்லாம் வேலைக்குப் போறவங்க. இன்னும் ரெண்டு வாரம். ரெண்டு வாரத்துல என்ன ஆயிரப் போகுது. மெதுவா ஓட்டறேன், முன்கூட்டியே கெளம்பறேன், கோழியாட்டம் தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே ஓட்டறேன். அப்பறம் லீவு. லீவுல யோசிக்கலாம். லீவு முடிஞ்சா ஸ்கூல் தெறந்துரும், புதுசா ரெண்டு பிள்ளைக சேரறாங்கன்னு இப்பவே சொல்லி வெச்சிருக்காங்க. வேற ஆளப் போட்டு ஓட்டலாம். ஏனுங்க ஆளப் போட்டீங்கன்னு கேப்பாங்க. இடுப்பு வலின்னு சொல்லலாம். இடுப்பு வலி நல்லது, யாரும் உள்ள உட்டுப் பாக்க முடியாது. பாரு, மறுபடியும் பொய்யத்தான் தேடுது. ஏண்டா ஆறுச்சாமி, சொன்னா என்ன கொறஞ்சு போயிரும். சொன்னா ஊட்டுலயே உக்காரோணும். தின்னுட்டுத் தின்னுட்டு உக்காரோணும். அப்பறம் நடுவுல இருக்கற வெள்ளையும் போச்சுன்னா. டாக்டரம்மா அதைச் சொல்லல, ஆனாச் சொல்லாம உட்டதுல அது இருந்துச்சு. கையப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சோத்துத் தட்டுல இது ரசம் இது பொரியல்னு வெரலப் புடிச்சுத் தொட்டுக் காட்டுவாங்க. தெனமும் கண்ணப் பொத்திட்டு நடக்கற மாதிரி, ஆனா முன்னால தட்டு இருக்காது. பயமா இருக்குது. ஆம்பளைக்கு என்ன பயம்னு கேக்காதீங்க, பயமா இருக்குது. சரி, இன்னைக்குக் கோயிலுக்கு மட்டும் மாப்பிள்ளைய ஓட்டச் சொல்லலாம். அவரு காரு ஓட்டுவாரு, வேனு ஓட்டுனதில்ல. மலையில உடமாட்டேன்னு நானே போன வருசம் அவர நக்கல் பண்ணியிருக்கேன். அப்பத் தன்விகாவ முன்னால உக்கார வெச்சுக்கலாம். மலை ரோட்டுல அவ சொல்லுவா. குரங்கு இருக்கும், அவ குரங்கப் பாப்பாளா ரோட்டப் பாப்பாளா. காலு இன்னும் வயித்து மேலதான் கெடக்குது. வெதுவெதுன்னு இருக்குது.

கொலுசு சத்தம். வர்றா. மஞ்சளும் ஈரத்தலையும் மணக்குது. பேசாம வந்து என்ர வயித்து மேல இருந்த காலத் தூக்கி மெத்தையில வெச்சா, தூங்கட்டும்னு நெனச்சிருப்பா, மொதல்ல என்னையத்தான் எழுப்பறா. தோளத் தொட்டா. எந்திரிச்சேன். ஒரு கையி என்ர கையில, இன்னொரு கையி கண்ணு மேல. ஜில்லுனு இருக்குது அவ கை. வருசா வருசம் இப்பிடித்தான், ஆனா இந்தத் தடவை அடி அடியா நின்னு நின்னு நடக்கறேன். கட்டிலத் தாண்டி, கதவத் தாண்டி, நடைக்கு வந்துட்டோம். அவ இழுக்கவும் இல்ல தள்ளவும் இல்ல, நான் தடுமாறுனா நிக்கறா, நடந்தா நடக்கறா. இன்னும் பத்தடி போனாக் கனி. நின்னு பாத்தா நெனைக்கோணும். நெனச்சுட்டாச் செய்யோணும். இல்லைன்னா நெனைக்காமயே பாத்துட்டு, நல்லா இருக்கோணும் சாமின்னு பொதுவாச் சொல்லீட்டு, குளிச்சு வேட்டி கட்டிச் சாவிய எடுத்துட்டுக் கெளம்பீரலாம். எல்லாரும் வந்துருவாங்க. தன்விகா முன்னால ஓடி வந்து ஏறிக்குவா, நான் சொல்லாமயே. கண்டக்டரு வந்தாச்சும்பா. அந்தக் கொரலு இப்பவே கேக்குது. நின்னுட்டேன். சுலோச்சனாவும் நின்னா. நான் நகரல. அவ கைய லேசா இழுத்தா. நான் நகரல. பேசக்கூடாதுன்னு தெரியும். இத்தனை வருசத்துல பேசுனதில்ல. "சுலோச்சனா"ன்னேன். அவ கை என்ர கண்ணு மேல இறுகுச்சு, பேசாதீங்கன்னு சொல்ற மாதிரி. "நான் இன்னைக்கு வண்டி எடுக்கல. இன்னைக்குன்னு இல்ல, இனிமேயே எடுக்கல. எனக்குக் கண்ணுல ஓரம் போயிருச்சு. நடுவுல மட்டுந்தான் தெரியுது. மார்கழிலயே டாக்டரு சொல்லீட்டாங்க."

கண்ணு மேல இருந்த கை அப்பிடியே இருந்துச்சு. அழுவாளா, திட்டுவாளா, எதுக்குங்க எங்கிட்டச் சொல்லலைன்னு கேப்பாளா, எல்லாத்துக்கும் மனசுக்குள்ள ஒரு பதிலத் தேடி வெச்சிருந்தேன். அவ அதுல எதையும் செய்யல. "மார்கழிலயா?"ன்னா. ஆமான்னேன். "தை, மாசி, பங்குனி"ன்னு மெதுவா, அவளுக்கு அவளே சொல்லிக்கற மாதிரிச் சொன்னா. அதுக்கும் ஆமான்னேன். "அப்ப நீங்க தெரிஞ்சேதான் அந்தப் பிள்ளைய ஏத்திட்டுப் போயிட்டு வந்தீங்க." கேள்வியாக் கேக்கல. சொன்னா. நான் ஆமான்னு சொல்லல, ஆனா சொல்லாதது அவளுக்குக் கேட்டிருச்சு. கை கண்ணுல இருந்து வழுகி எறங்கீருச்சு. கண்ணு தானாத் தெறந்துக்கிச்சு. நடையில லைட்டு போடல, சாமி ரூமு வெளக்கு வெளிச்சம் கதவு வழியா வந்து அவ ஒரு கன்னத்துல மட்டும் உழுந்திருந்துச்சு. அவ மூஞ்சி. இத்தனை வருசத்துல அவளக் கோவமாப் பாத்திருக்கேன், அழுது பாத்திருக்கேன், பிரசவ வலியில பாத்திருக்கேன். என்னையப் பாத்துப் பயந்து பாத்ததில்ல. ரெண்டடி பின்னால போனா. அப்பறம் என்னையச் சுத்திக்கிட்டு, செவுத்தோரமா, என்ர மேல படாம ரூமுக்குள்ள போனா. போயித் தன்விகாவ மெத்தையில இருந்து வாரித் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. பிள்ள முழிச்சுக்கிச்சு, ஆனாக் கண்ண இறுக்கி மூடிட்டுத்தான் இருக்குது. "அம்மிச்சி, தெறக்கலாமா?" "இன்னும் இல்ல சாமி"ன்னா, என்னையப் பாத்துட்டே. பிள்ளையோட பொடனியில ஒரு கைய வெச்சு அணைச்சுக்கிட்டு என்னையத் தாண்டிப் போயிக் சாமி ரூமுக் கதவச் சாத்திக்கிட்டா. உள்ள இருந்து தன்விகா சத்தம் கேட்டுச்சு, மாம்பழம் எத்தனை, கண்ணாடியில நானு, அம்மிச்சி நான் ஒண்ணு நெனச்சுக்கிட்டேன் சொல்லட்டுமான்னு. சொல்லக்கூடாது சாமின்னா அவ.

நான் நடையிலயே நின்னுட்டிருந்தேன். உக்காரலாம்னு தோணல. ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு தெறந்துச்சு. சுலோச்சனா தனியா வந்தா. மூஞ்சியக் கழுவி அழுத்தித் தொடச்சிருந்தா. எனக்கு முன்னால வந்து நின்னு கைய நீட்டுனா. கூட்டிட்டுப் போகத்தான் நீட்டறான்னு நெனச்சு நானும் என்ர கையக் குடுத்தேன். அவ புடிக்கல. "சாவி"ன்னா. ஆணியில தொங்கற சட்டைப் பையில இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தேன். வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. "மாப்பிள்ளைக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன். எல்லாருக்கும் நானே சொல்றேன், நீங்க பேச வேண்டாம். அந்தப் பிள்ளைகளோட அப்பன் அம்மாவுக்கெல்லாம் சொல்லோணும்." சரின்னேன். "வாங்க, கனியப் பாருங்க"ன்னுட்டு முன்னால நடந்தா. நான் செவுத்தத் தடவிட்டுப் பின்னால போனேன்.